பேர மேசையில் உடைந்தவை

டெக்சஸில், ரவுண்ட் ராக் ஊரில், ஃப்ரீவேயை ஒட்டிய பழைய கடை வரிசை ஒன்றில், நகம் அலங்கரிக்கும் கடைக்கும் வரிக்கணக்கு ஆபீசுக்கும் நடுவில், சேகரிப்புப் பொருள்கள் விற்கும் கடை இருக்கிறது. அங்கேதான் நான் வேலை பார்க்கிறேன். நாணயம், தபால்தலை, கைக்கடிகாரம், பீங்கான் பொம்மை, கேமரா என்று மனிதர்கள் ஆசை ஆசையாகச் சேர்த்தவை ஒருநாள் அங்கே வந்து சேரும். பொருள் கடையுடையது இல்லை, கொண்டுவந்தவருடையது. விற்றால் கடைக்கு ஒரு பங்கு.

முதலாளி ராணுவத்தில் இருந்து வந்த வெள்ளைக்காரர். அறுபதைத் தாண்டியவர், ஒரு காது சரியாகக் கேட்காது. கணவரின் பிறந்த நாளுக்கு ஒரு பழைய மேசைக் கடிகாரம் வாங்கத்தான் முதலில் அந்தக் கடைக்குள் போனேன். விலையைக் குறைக்கச் சொல்லி அவரை நான் படுத்திய பாட்டைப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "இந்தப் பக்கம் நின்று இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்டார். மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தாள். வீட்டில் சும்மா இருந்து எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. சரி என்றேன்.

சனிக்கிழமைகளில் அவருக்கு ஒரு வழக்கம். விலை உயர்ந்த பொருள் என்றால் விற்பவரையும் வாங்குபவரையும் பின்னறைக்கு வரச்சொல்வார். அங்கே ஒரு வட்ட மேசை. அதன் நடுவில் பச்சைத் துணி விரித்துப் பொருளை வைப்போம். இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்காருவேன். விலையை ஒருவருக்கொருவர் சொல்லக்கூடாது, என்னிடம்தான் சொல்ல வேண்டும். விலை முடிகிறவரை யாரும் பொருளைத் தொடக்கூடாது. முதலாளிக்கு அதற்குப் பெயர் எதுவும் இல்லை. நான் மனதுக்குள் பேர மேசை என்று வைத்துக்கொண்டேன்.

பேரம் என்றால் சிரித்துப் பேசி அஞ்சு பத்து குறைப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒருவர் ஆயுசு முழுக்கத் துடைத்துத் துடைத்து வைத்த பொருளைப் பார்த்து இன்னொருவர் "இதில் கீறல் இருக்கிறது" என்று சொல்லும்போது, சொன்னவருக்கு அது வெறும் பேச்சு. கேட்டவருக்குக் கன்னத்தில் விழுந்த அறை. தன் அம்மாவின் பீங்கான் பொம்மையை விற்க வந்த ஒரு பெண்மணி, வாங்க வந்தவர் மூன்றாவது தடவையும் விலையைக் குறைத்துச் சொன்னதும், அமைதியாக எழுந்து, பொம்மையைக் காலைப் பிடித்துத் தூக்கி மேசை விளிம்பில் அடித்தார். தலை சிதறி என் மடியில் விழுந்தது. "இப்போது இதன் விலை என்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வாங்க வந்தவர் தன் சட்டையில் ஒட்டியிருந்த பீங்கான் துகளைத் தட்டிக்கொண்டே, "பைத்தியம்" என்றார். அன்றைக்கு எனக்கு அந்தப் பெண்மணியைப் பார்த்துப் பயம் வரவில்லை. அந்த ஆளைப் பார்த்துத்தான் கை பரபரத்தது.

இதெல்லாம் அப்புறம் நடந்ததற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வெயில் தொடங்கியிருந்த சமயம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு அட்டைப் பெட்டியைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"ஏனுங்க, நீங்க தமிழுங்களா?"

கோயம்புத்தூர்ப் பக்கம் என்று கேட்டவுடனே தெரிந்தது. பெட்டிக்குள் ஏழெட்டு பழைய ஃபிலிம் கேமராக்கள், ஒவ்வொன்றும் பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்தன. கடைசியாக ஒன்றை எடுத்துப் பிரித்தார். கறுப்பு வண்ணம் பூசிய ஜெர்மன் கேமரா. மூலைகளில் வண்ணம் தேய்ந்து உள்ளே இருந்த பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. கையில் வாங்கினேன். சின்னக் குழவிக்கல் மாதிரி கனம். தடித்த தோல் பட்டை கோத்திருந்தது.

கம்பெனியில் ஆட்குறைப்பு என்றார். வேறு வேலை அமையவில்லை, விசா முடியப்போகிறது, மகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் ஊருக்குக் கிளம்புகிறார்கள். மற்ற கேமராக்களுக்கு என்ன விலை வேண்டுமானாலும் நீங்களே போடுங்கள் என்றார். "ஆனா இத மட்டும் நான் நேர்ல பாத்துத்தானுங்க குடுப்பேன். வாங்கறவரு எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியோணும்."

முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆறாயிரம் டாலர் கேட்கலாம் என்றார். நான் கொண்டுவந்தவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொல்லிவைத்தேன். "அண்ணா, ஏன் விக்கறீங்கன்னு கேட்டா வாயே திறக்காதீங்க. வீட்ல இடமில்லன்னு சொல்லுங்க, போதும்."

"சரிங்க" என்று தலையாட்டினார்.

வாங்க வந்தவரும் தமிழர்தான். பேர்லேண்டில் எலும்பு டாக்டர், சென்னைக்காரர். கேமரா என்றால் மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். எங்கள் கடையில் ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தார். சலவை செய்த சட்டை, நல்ல செண்ட் வாசனை, என்னைப் பார்த்ததும் "எப்படிம்மா இருக்கீங்க? டாட்டர் காலேஜ் அப்ளை பண்ணியாச்சா?" என்று விசாரிப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். பேரம் அவருக்கு ஒரு விளையாட்டு. டென்னிஸ் ஆடுகிற மாதிரி முகமெல்லாம் மலர்ந்து பேரம் பேசுவார்.

சனிக்கிழமை மதியம் இரண்டு பேரையும் உட்காரவைத்து, பச்சைத் துணியில் கேமராவை வைத்தேன். முதலாளி முன்கடையில் இருந்தார். இரண்டு பேரும் தமிழ் என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது.

விற்க வந்தவர் ஆறாயிரம் என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே, "ஃபைவ். டுடே, கேஷ்" என்றார். நான் மனதுக்குள் ஐந்தரையில் முடியும் என்று கணக்குப் போட்டேன். அப்போதுதான் டாக்டர் சாதாரணமாகக் கேட்டார்.

"இவ்ளோ நல்ல பீஸை ஏன் சார் விக்கறீங்க?"

நான் மேசைக்கு அடியில் விற்க வந்தவரின் காலை லேசாகத் தட்டினேன். பிரயோசனம் இல்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"வேலை போயிருச்சுங்க. ஸ்கூல் முடிஞ்சதும் ஊருக்குப் போறோம்."

"ஓ." டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முகத்தில் இருந்த சிரிப்பு மாறவே இல்லை. "அப்போ நாலு."

எனக்குப் புரியவில்லை. "சார், இப்பதான அஞ்சுன்னீங்க?"

"அது அப்போம்மா. இப்போ சிச்சுவேஷன் வேற. சாருக்கு டைம் இல்ல. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

பேரத்தில் வாங்குபவர் ஏறி வருவார், விற்பவர் இறங்கி வருவார், நடுவில் எங்கேயாவது சந்திப்பார்கள். இவர் இறங்கிக்கொண்டே போனார். அந்தக் கோயம்புத்தூர்க்காரர் "அஞ்சுக்கே குடுத்தர்றனுங்க" என்றதும் டாக்டர், "த்ரீ அண்ட் எ ஹாஃப்" என்றார். ஒவ்வொரு தடவை எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும்போதும் விலை குறைந்தது. என்னிடம்தான் பேச வேண்டும் என்று நினைவுபடுத்தினேன். இருவருமே என்னைப் பார்க்கவில்லை. கோயம்புத்தூர்க்காரரின் கழுத்து நரம்பு புடைத்து, காது மடல் சிவந்துகொண்டு வந்தது. கைகள் இரண்டும் தொடைமேல் இருந்தன.

"போதும் சார். இன்னைக்கு வேண்டாம், விட்டுடலாம்" என்றேன்.

டாக்டர் கையை நீட்டிக் கேமராவை எடுத்தார்.

"சார், தொடக்கூடாது."

அவர் பட்டையை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கேமராவைக் காதருகே வைத்து ஷட்டரை அழுத்தினார். "ஸ்லோவா இருக்கு. சர்வீஸ் பண்ணணும். த்ரீ."

"கீழ வைங்க" என்றார் கோயம்புத்தூர்க்காரர். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"ஏன் சார் இதுக்குப் போய் டென்ஷன் ஆகறீங்க? வேலை போன ஆளு, இத வச்சு எதைப் படம் எடுக்கப் போறீங்க? ஏர்போர்ட்லயா?"

"கீழ வைங்க."

"வைக்கலைன்னா?"

"கொன்னுபோடுவனுங்க."

அந்தச் சொல்லை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கொன்றுவிடுவேன் என்று சொல்லும்போதுகூட மரியாதை விட்டுப்போகவில்லை. டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். கோயம்புத்தூர்க்காரர் எழுந்து பட்டையைப் பிடித்து இழுத்தார். டாக்டரும் எழுந்து, இடது கையால் அவர் நெஞ்சில் பிடித்துத் தள்ளினார். நல்ல பலமான தள்ளு. அவருடைய முதுகு சுவரில் மோதியது. அதே இழுப்பில் பட்டை டாக்டரின் மணிக்கட்டிலிருந்து உருவி, கேமராவோடு அவர் கையில் வந்துவிட்டது.

அடுத்து நடந்தது ஒரு மூச்சு விடுகிற நேரம். பட்டையைப் பிடித்துக் கவண் சுற்றுவது போலச் சுற்றினார். கேமரா டாக்டரின் கன்னத்து எலும்பில் போய் இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தம் என்று எழுதலாம், ஆனால் அப்படி இல்லை. ஈரமான சத்தம். பச்சைத் துணியில் இரத்தமும் ஒரு பல்லும் விழுந்தன. டாக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மறுபடி கேமரா சுழன்று வந்தது. இந்தத் தடவை அது தலையில் விழும் என்று எனக்குத் தெரிந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். இடது கையைக் குறுக்கே நீட்டிவிட்டேன்.

வலி உடனே வரவில்லை. கை முட்டிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், வளையக் கூடாத இடத்தில் வளைந்து தொங்குவதைப் பார்த்தேன். அப்புறம்தான் வந்தது. கத்தினேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கீழே கிடந்த டாக்டர்மேல் ஏறி உட்கார்ந்து, பட்டை சுற்றிய கையாலேயே முகத்தில் குத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் ஏதோ முனகினார். அவருடைய சட்டைக் காலரை வலது கையால் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்ததே தவிர அவர் அசையவில்லை. செருப்புக் காலால் விலாவில் உதைத்தேன். மறுபடியும் உதைத்தேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எனக்கு அப்போது அவரைத் தடுக்க வேண்டும் என்பதைவிட அவருக்கு வலிக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு முதலாளி வந்தார். இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்திருந்தார். கல்லாவுக்கு அடியில் அது இருப்பது எனக்குத் தெரியும், வெளியே எடுத்து ஒருநாளும் பார்த்ததில்லை. என் கத்தலைக் கேட்டுக் கொள்ளை என்று நினைத்துவிட்டார். "விலகு! அவனை விட்டு விலகு!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். குத்துகிறவருக்கு எதுவும் காதில் ஏறவில்லை. முதலாளியின் விரல் இறுகுவதைப் பார்த்தேன். ராணுவத்தில் இருந்தவர், அவருடைய கை நடுங்கவில்லை.

"அண்ணா! துப்பாக்கி! கைய தூக்குங்க! சுட்டுருவாரு!"

தமிழில் கத்தியது மட்டும் அவருக்குள் போனது. நிமிர்ந்து பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத முகம். மெதுவாக இரண்டு கையையும் தூக்கினார். வலது மணிக்கட்டிலிருந்து கேமரா தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி துப்பாக்கியை இறக்காமலே ஒரு கையால் போலீசைக் கூப்பிட்டார். அப்போது டாக்டர் முழங்காலில் ஊர்ந்து என்னிடம் வந்தார். ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது, வாயிலிருந்து இரத்தம் ஒழுகியது. என் கையைப் பார்த்தார்.

"அசைக்காதீங்கம்மா," என்றார். பல் இல்லாத வாயில் சொல் குழறியது. "ரெண்டு எலும்பும் போயிருக்கு. அசைக்காதீங்க."

ஏல விளம்பரப் புத்தகம் ஒன்றை எடுத்து, என் கைக்கு அடியில் தொட்டில் மாதிரி வளைத்துவைத்து, மேசையில் கிடந்த பச்சைத் துணியைக் கிழித்துக் கட்டினார். கட்டும்போது அவர் இரத்தம் என் புடவையில், இல்லை, அன்று நான் புடவை கட்டவில்லை, என் சட்டையில் சொட்டிக்கொண்டே இருந்தது. அவ்வளவு மென்மையாக யாரும் என் கையைத் தொட்டதில்லை. அதே கைதான் சற்றுமுன் ஒரு மனிதனைச் சுவரோடு தள்ளியது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து முடிப்பதற்குள் போலீஸ்காரப் பெண் ஒருத்தி என் கட்டிலருகே வந்தாள். என் மகளைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். கடையின் கண்காணிப்புக் கேமராவில் படம் இருக்கிறது, ஆனால் சத்தம் இல்லை. முதலாளிக்குத் தமிழ் தெரியாது. அடிப்பதற்கு முன்னால் அந்த ஆள் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னார்னு முதல்ல சொல்றேன்" என்றேன் ஆங்கிலத்தில்.

"அதையும் எழுதிக்கொள்கிறேன். 'உன்னைக் கொன்றுவிடுவேன்' என்று அவர் சொன்னதாக டாக்டர் சொல்கிறார். உண்மையா?"

உண்மைதான். ஆனால் எங்கள் மொழியில் பால் பொங்கி வழிந்தால் சொல்வோம், ஹோம்வொர்க் செய்யாத பிள்ளையிடம் சொல்வோம் என்றேன். அதோடு அவர் அதை மரியாதையாகச் சொன்னார் என்றேன். அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மரியாதையாகக் கொன்றுவிடுவேன் என்றாரா?"

சொன்ன பிறகு எனக்கே அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று தெரிந்தது. மருந்து வேறு தலைக்கு ஏறியிருந்தது. "சொற்களை மட்டும் சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன். டெக்சஸில் அப்படிச் சொல்வதே தனிக் குற்றம் என்று பிறகு தெரிந்தது.

கையில் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, டிட் யூ ரியலி கிக் ஹிம்?"

"ஆமா."

"குட்."

கணவருக்கு அந்த உதை போதவில்லை. தமிழ்ச் சங்கத்து ஆட்கள் ஒருவர் மாற்றி ஒருவர் போன் செய்தார்கள். ஒருத்தர் விடாமல் பச்சாதாபப்பட்டார்கள், ஒருத்தர் விடாமல் ஒரு யோசனையும் சொன்னார்கள். கேஸ் ஏறினால் அந்தக் குடும்பம் இனி இந்த நாட்டுக்குள் காலே வைக்க முடியாது, காதில் விழவில்லை என்று சொல்லிவிடக் கூடாதா என்றார் ஒரு ஆன்ட்டி. டாக்டர் வீட்டுப் பக்கத்து ஆட்களோ, விடாதீங்க, நாளைக்கு இன்னொருத்தரை அடிப்பான் என்றார்கள். ஸ்பீக்கரில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் சமையலறை மேடையில் ஓங்கித் தட்டினார்.

"உன் கைய உடைச்சிருக்கான். அவனுக்கு என்ன பாவம் பாக்கறது? தலைல பட்டிருந்தா இன்னைக்கு உனக்குப் படையல் போட்டுட்டு இருந்திருப்போம்!"

கோயம்புத்தூர்க்காரரை ஜாமீனில் விட்ட வாரம் அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. சோபாவின் நுனியில் உட்கார்ந்தவர், தண்ணீர்கூட வாங்கவில்லை. சட்டென்று எழுந்து என் காலில் விழப்போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"எழுந்திருங்க மொதல்ல. என் கால்ல விழுந்தா எனக்குக் கை சரியாயிடுமா?"

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லைங்க. வீட்ல ஒரு நாள் கை ஓங்கினதில்ல. கொன்னுபோடுவன்னு காபி ஆறிப்போனாக்கூடச் சொல்லுவாருங்க. வாய் வார்த்தைங்க. அதை மட்டும் நீங்க அவங்ககிட்ட எடுத்துச் சொன்னீங்கன்னா…"

"சொல்லியாச்சு. ஆனா அன்னைக்கு அவரு காபிக்குச் சொல்லலீங்க. நான் பக்கத்துல இருந்தேன்."

அந்த அம்மாள் கிளம்பிவிட்டார். வாசலில் செருப்பைப் போடும்போது, "நீங்களும் நம்ம ஊரு ஆளுதானுங்களே" என்றார். ஊர் ஊர் என்று என்ன ஊர். என் கைக்குள் இருக்கும் திருகாணிக்கு அது தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் அழுதுகொண்டே காரைப் பின்னால் எடுத்ததில் எங்கள் தபால் பெட்டியில் இடித்துவிட்டுப் போனார். நிறுத்தக்கூட இல்லை.

சில வாரம் கழித்து ஜார்ஜ்டவுன் கோர்ட்டில் அரசு வக்கீல் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். வழுக்கைத் தலை, சலித்த முகம். நான் எதையும் விடாமல் சொன்னேன். ஐந்து நான்கானது, நான்கு மூன்றரையானது, தொடக்கூடாது என்று சொன்ன பிறகும் டாக்டர் எடுத்தது, ஏர்போர்ட்டில் படம் எடுக்கப்போகிறீர்களா என்று கேட்டது, முதலில் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது டாக்டர்தான் என்பது. ஏர்போர்ட் பேச்சை மொழிபெயர்த்தபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பிறகு கேட்டார்.

"கொன்றுவிடுவேன் என்று சொன்னபோது, அவர் நிஜமாகவே செய்வார் என்று நீங்கள் நம்பினீர்களா?"

அந்த அண்ணாவின் தாழ்ந்த குரல் திரும்ப வந்தது.

"ஆமாம். அந்த நிமிடம் நம்பினேன்."

வெளியே வந்து காரில் உட்கார்ந்து ஸ்டீரிங்கை ஒற்றைக் கையால் அடித்தேன். அழுகை இல்லை. ஒரு மனிதனைப் பொய் சொல்லாமல் எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கோடையில் கோயம்புத்தூர்க்காரரின் மனைவியும் மகளும் ஊருக்குப் போய்விட்டார்கள். அவருடைய வக்கீல் ஏதோ மனுப் போட்டு அவரை மட்டும் இங்கே நிறுத்திவைத்திருந்தார். கடைசி நாளன்று நான் கோர்ட்டுக்குப் போனபோது விஷயம் பெரும்பாலும் முடிந்திருந்தது. இரண்டு வக்கீல்களும் நடையில் நின்று, இதை விடுகிறேன் நீ அதை ஒப்புக்கொள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மிரட்டல் வழக்கை எடுத்துவிட்டார்கள். அடித்ததை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், எங்கள் இருவருடைய ஆஸ்பத்திரிச் செலவையும் கொடுக்க வேண்டும், ஜெயில் இல்லை.

மிரட்டல் வழக்கு எப்படிப் போனது என்று அரசு வக்கீல்தான் சொன்னார். டாக்டரே, அது எங்கள் மொழியில் சாதாரணமாகச் சொல்வது, நான் பயப்படவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாராம்.

டாக்டர் தண்ணீர்க் குழாய் அருகே நின்றிருந்தார். கன்னம் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. சிரித்தால் ஒரு பாதி மட்டும் ஏறுகிறது. புதுப் பல் வெள்ளையாக இருந்தது. முதலில் என் கையைத்தான் வாங்கிப் பார்த்தார். திருப்பச் சொன்னார், விரலை மடக்கச் சொன்னார். "நல்லா போட்டிருக்காங்க" என்றார்.

"நீங்க பயப்படலயா சார்? நிஜமாவா?" என்று கேட்டேன்.

"பயப்படாம? கண்ணை மூடினா இன்னும் அது சுத்திட்டு வருது." அவர் வேறு எங்கோ பார்த்தார். "கேஸ் இழுத்தா ஒவ்வொரு தடவையும் சர்ஜரியை கேன்சல் பண்ணிட்டு இங்க டிரைவ் பண்ணிட்டு வரணும்மா. அவ்ளோதான்."

அவ்வளவுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அந்தக் கேமரா இப்போ யார்கிட்ட இருக்கு? டாப் பிளேட் நசுங்கியிருக்கும். விலை இன்னும் எறங்கும்."

என் சரியான கை தானாகவே மூடிக்கொண்டது. அந்தப் பாதிச் சிரிப்பின்மேல் ஓங்கிக் குத்த வேண்டும்போல இருந்தது. வாயில்லாத ஒரு பொருளுக்காக ஒரு மனிதன் எப்படி இன்னொருவன்மேல் ஏறி உட்காருவான் என்பது எனக்கு அன்று, அந்த நடையில் நின்றபோதுதான், முழுசாகப் புரிந்தது. "தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

படிக்கட்டில் கோயம்புத்தூர்க்காரர் உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"கை எப்படிங்க இருக்குது?"

"கனமா எதுவும் தூக்க முடியல. நீங்க இதுவரைக்கும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கல."

"உங்ககூடப் பேசவே கூடாதுன்னு வக்கீலு சொல்லிப்போட்டாருங்க. உங்களை அடிச்சது எனக்குத் தெரியவே தெரியாதுங்க. போலீஸ்காரங்க படத்துல போட்டுக் காட்டினப்பத்தான் பாத்தேன். மன்னிச்சுக்கோங்க. நீங்க மட்டும் அன்னைக்குக் கத்தலீன்னா நான் பொணமுங்க."

இந்த இடத்தில் பரவாயில்லை அண்ணா என்று சொல்வதுதான் வழக்கம். எனக்கு வரவில்லை. வராததை இழுத்துவைத்துச் சொல்லவும் இல்லை.

"கொழந்தை ஊர்ல செட் ஆயிட்டாளா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. தெனமும் சண்டை போடறா" என்றார்.

அதற்குள் அவருடைய வக்கீல் கூப்பிட்டார். உள்ளே போய்விட்டார். அடுத்த மாதம் ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். போலீஸ் திருப்பிக் கொடுத்த கேமராவை எடுத்துக்கொண்டுதான் போனாராம். பெட்டியில் இருந்த மற்றவற்றை நான் ஒவ்வொன்றாக விற்று அவருடைய வக்கீலுக்கு அனுப்பினேன். ஒன்றைக்கூட அடிமாட்டு விலைக்கு விடவில்லை.

முதலாளி அந்த வட்ட மேசையைப் பின்பக்கக் குப்பைத் தொட்டியருகே வைத்துவிட்டார். யாரோ அன்றே எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. நான் இருவரிடமும் தனித்தனியாக போனில் பேசுகிறேன். போனிலும் கத்துகிறார்கள், கெட்ட வார்த்தை சொல்கிறார்கள், ஒருத்தர் என் வீட்டைக் கொளுத்திவிடுவேன் என்றார். கத்தி முடிக்கும்வரை ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். பிறகு, "சரி, இப்போது உங்கள் விலையைச் சொல்லுங்கள்" என்பேன். பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள்.